முதிய நட்சத்திரங்களும் பிரபஞ்சத்தின் அளவும்

வைகாசி மாதத்து இரவில் பத்து மணியளவில், நிலவும் மேகமும் இல்லாத பொழுது, உத்திரமேரூர் ஏரிக்கரையில் நின்று தெற்கு முகமாக நோக்குபவர், அடிவானத்துக்கு மேல் சுமார் முப்பது பாகை உயரத்தில், மற்றவற்றைப் போலக் கூர்ந்து மின்னாமல் விளிம்பு கலைந்து தோன்றும் ஒளிப்புள்ளி ஒன்றைக் காணலாம். பண்டைக் காலத்துத் தாலமி இதை ஒரு நட்சத்திரமென்றே தம் பட்டியலில் எழுதி வைத்தார். 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து தென்வானை ஆராய்ந்த எட்மண்ட் ஹாலியே இது தனி நட்சத்திரமன்று என்று கண்டு சொன்னார். ஒமேகா சென்டாரி என்று பெயர் பெற்ற இது, ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஈர்த்து உருண்டு திரண்டு நிற்கும் கோளக் கொத்து. இதன் உறுப்பினர்களுள் பெரும்பாலானவற்றுக்கு வயது ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல். நம் சூரியனுக்கோ 460 கோடிதான். இதன் தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு என்று வான சாஸ்திர நூல்கள் கூறுகின்றன. சங்கிலி பிடித்து அளக்க முடியாத அந்தத் தூரத்தை எவ்வாறு அறிந்தார்கள், அறிந்ததாகச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். இவ்வினாவுக்கு விடை தருவதில் இளமையும் பேரொளியும் உடைய நட்சத்திரங்களே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தன. ஆனால் முதிர்ந்து மங்கிய நட்சத்திரங்களே இந்த விஷயத்தில் அதிக நம்பிக்கைக்கு உரியவை என்பதும், அவற்றின் சாட்சியத்தை இளையவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்வதோடு நில்லாமல் தனித்த பிரமாணமாகவே கொள்ள வேண்டும் என்பதும் என் துணிபு.

எட்டாத பொருளின் தூரத்தை அறிவதற்கு மனிதன் கண்ட முதல் உபாயம் முக்கோணம். 1802-ல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களைக் குறித்து, காலால் மிதிக்காத குன்றுகளின் தூரங்களையெல்லாம் கணக்கினால் பெற்றார். இந்தியப் பெருநிலப்பரப்பு முழுவதையும் அளந்த திரிகோணமிதி சர்வே, நம் பழைய செங்கற்பட்டுச் சீமையின் அந்த ஒரு கோட்டிலிருந்தே கிளைத்தது. வானத்தை அளப்போருக்குப் பூமியின் சுற்றுப்பாதையே அடிக்கோடாகும். தை மாதத்தில் பூமி ஓரிடத்திலும், ஆடி மாதத்தில் அதிலிருந்து சுமார் முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி மற்றோரிடத்திலும் இருப்பதால், அருகிலுள்ள நட்சத்திரம் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் சிறிது இடம் பெயர்ந்து காணப்படும். இந்த இடமாறு தோற்றத்தை 1838-ல் முதன்முதலாக நிச்சயமாக அளந்து வெளியிட்டவர் ஜெர்மானியராகிய பெசல். அவர் எடுத்துக்கொண்ட 61 சிக்னி என்னும் நட்சத்திரம் சற்றேறக்குறைய 11 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. அதன் பெயர்ச்சியோ, பாகையை 3,600 கூறிட்டால் வரும் விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐரோப்பியர் 2013 டிசம்பரில் ஏவி, 2025 ஜனவரி வரை வானை ஆராய்ந்த கையா என்னும் விண்கலம் இதனினும் பல்லாயிரம் மடங்கு நுட்பமாக அளக்கவல்லதாயிருந்தது. ஆயினும் அதன் அளவீட்டிலும், ஒரு விகலையை லட்சம் பங்கிட்டால் அவற்றுள் சில பங்கு அளவுக்கு நிலையான பிழை ஒன்று ஒளிந்திருந்து, தொலைவிலுள்ள நட்சத்திரங்களின் விஷயத்தில் கணக்கைக் கலைத்துவிடுகிறது. பிற நட்சத்திர மண்டலங்களின் தூரம் முக்கோணத்துக்கு வசப்படுவதில்லை.

அதற்கு அப்பால் செல்ல வேண்டுமாயின் ஒளியைக் கொண்டு அநுமானிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தூரம் இரு மடங்காகுமிடத்து ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே ஒரு நட்சத்திரத்தின் இயல்பான பிரகாசம் இவ்வளவு என்று முன்னரே தெரிந்திருந்தால், நம்மை வந்து சேரும் ஒளியை அளந்து அதன் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இயல்பான பிரகாசத்துக்குப் பொறுப்பேற்பது எது? நிலம் அளக்கும் கோலின் நீளத்தைச் சோழர் காலத்துக் கோயில் சுவர்களில் கல்லிலே வெட்டி வைத்தார்கள். முதற் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற குடவோலைச் சாசனங்களில், ஏரி வாரியத்தோடும் தோட்ட வாரியத்தோடும் பொன் வாரியம் ஒன்றும் கூறப்பட்டிருக்கிறது. கோலும் மாற்றும் ஊரறிய நிலைநிறுத்தப்பட்டாலன்றி விளைச்சற் கணக்கும் வரிக்கணக்கும் நிற்கமாட்டா. வானியலாரும் இத்தகைய நிலைத்த அளவையொன்றைத் தேடியே நூறாண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அந்த அளவை இங்கும் ஆண்ட்ரோமெடா மண்டலத்திலும் அதற்கப்பாலும் ஒரே தன்மையுடையதாய் இருத்தல் வேண்டும். அதன் ஒளியை இடையில் தூசிப்படலம் மறைத்தலாகாது. அண்டை நட்சத்திரங்களின் ஒளி அதனோடு கலந்து கணக்கைக் கெடுத்தலும் ஆகாது.

1912-ல் ஹென்ரியட்டா லீவிட் அம்மையார், பால்வீதிக்கு அண்டையிலுள்ள சிறு மண்டலமாகிய சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள செபீடு வகை நட்சத்திரங்கள் ஒளி கூடிக் குறையும் கால அளவுக்கும் அவற்றின் பிரகாசத்துக்கும் ஒழுங்கான தொடர்பு இருப்பதை வெளியிட்டார். 1923-ல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செபீடைக் கண்டு, அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள வேறொரு நட்சத்திர மண்டலம் என்று நிலைநாட்டினார். இவை பெரிய சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் செபீடுகள் சூரியனைக் காட்டிலும் பல மடங்கு பொருண்மையுடைய இளைய நட்சத்திரங்கள்; பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் விலகுவதற்குள் அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆகவே அவை தூசியும் வாயுவும் நிறைந்த சுருள் கைகளிலே, நட்சத்திர நெரிசலின் நடுவிலேயே காணப்படுகின்றன. நீள்வட்ட மண்டலங்களில் இளம் நட்சத்திரங்கள் இல்லாமையால் செபீடுகளும் அங்கே கிடையா. ஒளி மிகுதி என்னும் ஒரே குணத்துக்காக இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொண்டார்கள்.

முதிய நட்சத்திரங்களின் கதை பெரு நாட்டு அரெகிப்பாவில் தொடங்குகிறது. அங்கே ஹார்வர்டு ஆய்வகத்தின் கிளையில் பணிபுரிந்த சாலன் பெய்லி, கோளக் கொத்துகளைப் புகைப்படம் எடுத்து ஒப்பிட்டு, அவற்றினுள்ளே ஒரு நாளுக்கும் குறைந்த காலத்தில் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் கண்டார். ஒமேகா சென்டாரியைப் பற்றி அவர் 1902-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை இடம்பெற்றன. இதே வகையைச் சேர்ந்த நட்சத்திரம் ஒன்று லைரா என்னும் நட்சத்திரத் தொகுதியிலும் இருப்பதை வில்லியமினா பிளெமிங் அம்மையார் கண்டறிந்தார். அதன் பெயராலேயே இவ்வினம் முழுவதும் ஆர்.ஆர். லைரே எனப்படுகிறது. சூரியனைவிடச் சற்றுக் குறைந்த பொருண்மையும், அதைப் போல் நாற்பது ஐம்பது மடங்கு பிரகாசமும், ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வயதும் இவற்றின் பொது இலட்சணங்கள். இவை துடிப்பதற்குக் காரணம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயுள்ள ஹீலியம் அடுக்கு. அடுப்பில் மூடிவைத்த பானையில் ஆவி திரண்டு மூடியைத் தூக்கி வெளியேறியதும் மூடி மீண்டும் படிவது போல, அந்த அடுக்கு அழுந்தும்போது மின்னணுக்களை இழந்து ஒளியைத் தடுத்துச் சேர்த்துவைக்கிறது. சேர்ந்த வெப்பம் நட்சத்திரத்தின் மேற்பகுதியை வெளியே தள்ளுகிறது. விரிந்தபின் தடை நீங்கி ஒளி வெளியேற, மேற்பகுதி மீண்டும் சுருங்குகிறது.

1918-ல் ஹார்லோ ஷேப்லி இவற்றையும் செபீடுகளையும் கொண்டு கோளக் கொத்துகளின் தூரங்களை அளந்து, அவையெல்லாம் தனு ராசிப் பக்கமாகக் குவிந்திருப்பதைக் காட்டி, பால்வீதியின் மையம் அங்கே இருக்கிறது, சூரியன் ஓரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்தார். மனிதனுடைய இருப்பிடத்தைப் பற்றிய எண்ணத்தில் கோப்பர்னிக்கஸுக்குப் பின் நிகழ்ந்த பெரிய மாறுதல் இதுவே என்று நான் கருதுகிறேன். அதைச் செய்வித்தவை முதிய நட்சத்திரங்கள். நட்சத்திரங்களுக்கிடையே உள்ள தூசியை அவர் கணக்கில் சேர்க்காமையாலும், வேறுபட்ட இனங்களை ஒன்றெனக் கொண்டமையாலும் அவர் கூறிய தூரம் இன்றைய மதிப்பாகிய 26,000 ஒளியாண்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. திசை மட்டும் பிழைபடவில்லை.

இனங்களை ஒன்றெனக் கொண்ட அந்தப் பிழையைக் களைந்த வரலாறு சற்று விரித்துச் சொல்லத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்பதால் போர்ப்பணியில் சேர்க்கப்படாத வால்டர் பாடே, மவுண்ட் வில்சனில் நூறு அங்குலத் தொலைநோக்கியோடு தங்கியிருந்தார். எதிரி விமானங்களுக்கு அஞ்சி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தமையால் வானம் நன்கு இருண்டிருந்தது. சிவப்பொளிக்கு இணங்கும் தட்டுகளைப் பயன்படுத்தி, ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதியை அவர் முதன்முதலாகத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துக் கண்டார். 1944-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, நட்சத்திரங்கள் இரு பெரும் பிரிவினவென்றும், சுருள் கைகளில் உள்ள நீல நிற இளையவை ஒன்று, மையத்திலும் கோளக் கொத்துகளிலும் உள்ள சிவந்த முதியவை மற்றொன்று என்றும் வகுத்தது. போருக்குப் பின் பாலோமரில் 200 அங்குலத் தொலைநோக்கி அமைந்தபோது, அன்று ஏற்கப்பட்டிருந்த தூரத்தின்படி ஆண்ட்ரோமெடாவில் ஆர்.ஆர். லைரே நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தென்படத்தான் வேண்டும். அவர் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. அவை தோன்றியிருக்க வேண்டிய ஒளித்தரத்தில், முதிய இனத்துள் மிகப் பிரகாசமான செம்பெரு நட்சத்திரங்களே அரிதாகத் தென்பட்டன. கருவியின் குறை என்றோ தட்டின் குறை என்றோ ஒதுக்கிவிடாமல், காணப்படாமையையே பிரமாணமாகக் கொண்டு, ஆண்ட்ரோமெடா நாம் எண்ணியதைவிட இரு மடங்கு தூரத்தில் இருப்பதாகப் பாடே முடிவு செய்து, 1952-ல் ரோம் நகரில் கூடிய சர்வதேச வானியல் மகாநாட்டில் அறிவித்தார். தென் ஆப்பிரிக்காவில் மெகல்லன் மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாக்கரே, அங்கும் அவ்வாறே கண்டதாக அச்சபையிலேயே எழுந்து உறுதி கூறினார்.

இதன் பயன் ஒரு மண்டலத்தோடு நிற்கவில்லை. ஹபிள் கண்ட விரிவு வேகத்தின்படி பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டதாக, அதாவது பூமியின் பாறைகளை விடக் குறைந்ததாக இருந்து எல்லோரையும் குழப்பிவந்தது. தூரம் இரட்டித்ததும் வயதும் இரட்டித்து, அந்த முரண்பாடு தீரத் தொடங்கியது. பாடே தேடிய ஆர்.ஆர். லைரே நட்சத்திரங்கள் ஆண்ட்ரோமெடாவின் புறப்பகுதியில் உண்மையாகவே கண்டறியப்பட்டது 1987-ல்தான். இன்று அம்மண்டலத்தின் தூரம் ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் பங்குண்டு. அதைப் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. நட்சத்திர ஒளியைத் தரப்படுத்தும் அளவை, ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடுமாறு, ஒரு தரத்துக்கு 2.512 என்னும் விகிதத்தில் 1856-ல் வகுத்தவர் நார்மன் பாக்சன். அவர் 1861-ல் சென்னை நுங்கம்பாக்கத்து வான் ஆய்வகத்தின் தலைவராக வந்து, 1891-ல் இறக்கும் வரை இங்கேயே பணிபுரிந்தார். உலகில் எந்த நட்சத்திரத்தின் தூரத்தை ஒளியால் அளந்தாலும் அந்தக் கணக்கு அவர் வகுத்த விகிதத்தின் மீதே நிற்கிறது. அவருக்கு முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்னும் நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து நோக்கினால் அது தென் அடிவானத்தை ஒட்டியே எழுந்து சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அத்தகைய தாழ்ந்த வானில் அதைத் தொடர்ந்து கவனித்த பொறுமை போற்றத்தக்கது. அந்த நட்சத்திரம் மீரா இனத்தைச் சேர்ந்தது. சுமார் 278 நாட்களுக்கு ஒரு முறை பெருகித் தேய்வது. சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் தம் ஆயுளின் இறுதியில், உறைகளைக் களைந்து வெண்குறு நட்சத்திரங்களாவதற்குச் சற்று முன் அடையும் நிலை அது. ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் வானில் பெரிய மெகல்லன் மேகத்துக்கு அருகில் காணப்படுவது. அதே மேகத்தில் உள்ள மீராக்களின் கால அளவுக்கும் பிரகாசத்துக்கும் திட்டமான தொடர்பு உண்டென்பதை 1981-ல் கிளாஸ், லாயிட் எவன்ஸ் என்னும் தென் ஆப்பிரிக்க வானியலார் நிறுவினார்கள். 2020-ல் கரோலைன் ஹுவாங் முதலியோர் மீராக்களைக் கொண்டே, சூப்பர்நோவா என்னும் வெடித்துச் சிதறும் நட்சத்திரம் தோன்றிய ஒரு மண்டலத்தின் தூரத்தை அளந்து, பிரபஞ்ச விரிவின் வேகத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பங்கு வானியலார் வைணு பாப்புவினுடையது. பாப்பு அமெரிக்காவில் இருந்தபோது ஒலின் வில்சனோடு சேர்ந்து, 185 குளிர்ந்த நட்சத்திரங்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார். இந்நட்சத்திரங்களின் நிறமாலையில் கால்சியத்துக்குரிய கே என்னும் கறுப்புக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தோன்றும். அந்தக் கீற்றின் அகலம் நட்சத்திரத்தின் இயல்பான பிரகாசத்தோடு கூடவே ஒழுங்காகக் கூடுகிறது என்றும், மங்கிய குறு நட்சத்திரம் முதல் மகா பிரகாசமான பெரு நட்சத்திரம் வரை, அதாவது பதினைந்து ஒளித்தர அளவுக்கு, அந்த ஒழுங்கு மாறுவதில்லை என்றும் இருவரும் 1957-ல் வெளியிட்டார்கள். ஒளியின் அளவைக் கருதாமல் கோட்டின் அகலத்தை மட்டும் அளந்தே, இந்த நட்சத்திரம் இயல்பில் எவ்வளவு பிரகாசமுடையது என்று சொல்ல முடிவது வியப்புக்குரிய செய்தி. இடையிலுள்ள தூசி ஒளியைக் குறைக்கலாமேயன்றி அகலத்தைக் குறைக்காது. வில்சன்–பாப்பு விளைவு என்று உலகம் வழங்கும் இந்த உண்மை, சூரியன் முதல் முதிய செம்பெரு நட்சத்திரங்கள் வரையில் பொருந்துவது. 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற பாப்பு, கே. ஆர். சிவராமனோடு சேர்ந்து சூரியனின் முகத்திலேயே இந்தக் கீற்று எங்கிருந்து எழுகிறது என்பதையும் ஆராய்ந்தார். இம்முறையில் தனியொரு நட்சத்திரத்துக்கு அரைத்தரத்துக்குக் குறையாத பிழை நேர்வதால் இன்றைய நுட்பத் தேவைக்கு அது போதாது. ஆயினும் வடிவத்திலிருந்து பிரகாசத்தை அறியலாம் என்னும் எண்ணத்தின் அழகு குறைவதில்லை.

தென்வானை இந்தியாவிலிருந்து நன்கு காண வேண்டுமென்றே பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். உத்திரமேரூருக்கு நேர் மேற்கே நூறு கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய அதே அட்சரேகையில் அமைந்தது அவ்வூர். ஆகவே நம் ஊர்வானில் ஏறும் நட்சத்திரங்களே அங்கும் அதே உயரத்துக்கு ஏறுகின்றன. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986 ஜனவரியில், பாப்பு இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின், அவர் பெயராலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இனி, முதிய நட்சத்திரங்களுள் தலையாய அளவையாக இன்று விளங்கும் ஒன்றைக் கூற வேண்டும். சூரியனை ஒத்த நட்சத்திரத்தின் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தபின், அங்கே ஹீலியம் சாம்பலாகத் தங்கிச் சுருங்குகிறது. அதைச் சுற்றிய அடுக்கில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரிய, நட்சத்திரம் ஊதிப் பெருத்துச் சிவந்து, மேன்மேலும் பிரகாசமாகிறது. சுருங்கிய மையத்தில் மின்னணுக்கள் மிக நெருங்கி நிற்பதால், குவாண்டம் விதியின்படி அவற்றின் அழுத்தம் வெப்பத்தைச் சார்ந்திராமல் அடர்த்தியை மட்டுமே சார்ந்திருக்கிறது. இந்த விசித்திரமான பொருள்நிலையை நட்சத்திரங்களுக்குப் பொருத்தி முதன்முதலில் சொன்னவர் 1926-ல் பவுலர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928-ல் சென்னைக்கு வந்த சோமர்ஃபெல்டிடம் இப்புதிய பௌதிகத்தைக் கேட்டறிந்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே அதை மேலும் வளர்த்து, இந்நிலையில் உள்ள நட்சத்திரத்தின் பொருண்மைக்கு ஓர் எல்லையுண்டென்று கண்டார். அதே பௌதிகமே செம்பெரு நட்சத்திரத்துக்கும் ஒரு வரம்பை விதிக்கிறது. ஹீலிய மையம் சூரியப் பொருண்மையில் ஏறத்தாழ பாதியளவை எட்டி, வெப்பம் பத்துக் கோடி பாகையை அடையும்போது ஹீலியம் திடீரென்று தீப்பற்றுகிறது. உடனே நட்சத்திரம் சுருங்கி மங்கிவிடுகிறது. தொடங்கும் பொருண்மை சிறிது முன்பின்னாக இருந்தாலும், தீப்பற்றும் அந்த மையத்தின் பொருண்மை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எல்லா முதிய செம்பெரு நட்சத்திரங்களும் சூரியனைப் போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஓர் உச்சப் பிரகாசம் வரை ஏறி அங்கே நின்றுவிடுகின்றன. ஒரு மண்டலத்தின் செம்பெரு நட்சத்திரங்களைப் பிரகாச வரிசையில் எண்ணிப் பார்த்தால், குறிப்பிட்ட ஒளித்தரத்துக்கு மேல் எண்ணிக்கை சட்டென்று அற்றுப்போவதைக் காணலாம். அந்த விளிம்பே அளவை.

இதன் சிறப்பு என்னவென்றால், தனியொரு நட்சத்திரத்தைப் பல இரவுகள் தொடர வேண்டியதில்லை. ஒரே முறை படமெடுத்து எண்ணினால் போதும். மண்டலத்தின் நெரிசலான உட்பகுதியை விட்டு, தூசியும் கூட்டமும் இல்லாத புறவெளியில் எண்ணலாம். சுருள் மண்டலமாயினும் நீள்வட்டமாயினும் சிறு மண்டலமாயினும் முதிய நட்சத்திரம் இல்லாத மண்டலமே இல்லை. அண்மைச் சிவப்புக்கு உரிய ஒளியில் நோக்கினால் உலோகச் செறிவின், அதாவது ஹீலியத்தை விடக் கனமான தனிமங்களின் அளவின், வேறுபாடும் அதிகம் பாதிப்பதில்லை. 1993-ல் லீ, வெண்டி ஃப்ரீட்மன், பேரி மேடோர் மூவரும் இந்த விளிம்பைக் கணக்கு முறையில் கண்டறியும் வழியை வகுத்தபின், ஹபிள் தொலைநோக்கியால் நூற்றுக்கணக்கான மண்டலங்களின் தூரம் இவ்வாறு அளக்கப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ ஆறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இதைக் கொண்டுசெல்லத்தக்கது.

ஹீலியம் பற்றியபின் நட்சத்திரங்கள் இறங்கித் தங்கும் நிலை ஒன்றுண்டு. அங்கே அவை ஒத்த பிரகாசத்தோடு கூட்டமாக நிற்பதால், அக்கூட்டமும் அளவையாகப் பயன்படுகிறது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மிதா சுப்பிரமணியனும் அன்னபூரணி சுப்பிரமணியமும் இந்தச் செந்திரளையும் ஆர்.ஆர். லைரே நட்சத்திரங்களையும் கொண்டு மெகல்லன் மேகங்களின் சாய்வையும் ஆழத்தையும் ஆராய்ந்து, சிறிய மேகம் வானில் தட்டையாகத் தோன்றினாலும் நம் பார்வைக் கோட்டில் நீண்டு கிடப்பதைக் காட்டினார்கள். லீவிட் அம்மையார் தம் செபீடுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதாகக் கொண்டது அந்த மேகத்தில்தான் என்பதை நினைக்குமிடத்து, முதிய நட்சத்திரங்கள் இளையவற்றின் கணக்கைச் சரிபார்க்கும் தன்மை விளங்கும். பெரிய மேகத்தின் தூரத்தை, ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் சிவந்த பெருநட்சத்திர இணைகளைக் கொண்டு போலந்து நாட்டுப் பியெட்ரின்ஸ்கி குழுவினர் 2019-ல் நூற்றுக்கு ஒன்று அளவு பிழையோடு நிறுவினார்கள். அது சுமார் 1,62,000 ஒளியாண்டு.

முதிய நட்சத்திரங்களின் தூரம் வயதுக் கணக்கையும் தாங்கி நிற்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கோளக் கொத்துகளின் வயது 1,400 முதல் 1,600 கோடி ஆண்டு என்று கணக்கிடப்பட்டு, பிரபஞ்சத்தின் வயதையே மிஞ்சிநின்றது. மகன் தந்தையினும் மூத்தவனாயிருக்கும் இந்த விபரீதத்தை எவரும் ஏற்க முடியவில்லை. 1997-ல் ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் இடமாறு தோற்ற அட்டவணை வெளிவந்தபோது, கொத்துகள் எண்ணியதைவிடத் தொலைவில் இருப்பது தெரியவந்தது. தொலைவு கூடினால் இயல்பான பிரகாசம் கூடும். பிரகாசம் கூடினால் எரிபொருள் விரைவில் தீர்ந்திருக்கும். ஆகவே வயது குறையும். இன்று அவற்றின் வயது பொதுவாக 1,200 முதல் 1,300 கோடி, பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி.

நிகழ்காலத்தில் வானியலாரைப் பிளவுபடுத்தும் வினாவுக்கு வருவோம். பிரபஞ்ச விரிவின் வேகம், 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளவிடப்படுகிறது. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சிய ஆதிக் கதிர்வீச்சை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் முடிவு 67.4. செபீடுகளின் வழியாக சூப்பர்நோவாக்களை அளந்த ஆடம் ரீஸ் குழுவின் 2022-ஆம் ஆண்டு முடிவு 73.04. இருவரும் தம் பிழையெல்லை ஏறக்குறைய ஒன்றுக்கு மேற்போகாது என்கிறார்கள். இரண்டும் மெய்யாயின், பிரபஞ்சத்தைப் பற்றிய நம் கொள்கையில் எங்கோ ஒரு பொருள் விடுபட்டிருக்க வேண்டும். இந்நிலையில் ஃப்ரீட்மன் குழு 2019-ல் செம்பெரு விளிம்பைக் கொண்டு அளந்து 69.8 என்று அறிவித்தது பெருங் கவனத்தை ஈர்த்தது. முதியவை பிளாங்கின் பக்கம் சாய்கின்றன என்று அப்போது பலர் மகிழ்ந்தார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். அதே விளிம்பை வேறு வகையில் நிலைநிறுத்திய ஆனந்த் முதலியோர் 2022-ல் 71.5 என்றும், ஸ்கால்னிக் முதலியோர் 2023-ல் 73.2 என்றும் கண்டார்கள். விளிம்பு என்பதை எந்த இடத்தில் கொள்வது, அதைவிடச் சற்று ஏறிய வேறின நட்சத்திரங்களை எப்படிப் பிரிப்பது, விளிம்பின் இயல்பான பிரகாசத்தை எந்த மண்டலத்தின் தூரத்தால் உறுதி செய்வது என்பவற்றில்தான் இவர்கள் வேறுபடுகிறார்கள்.

ஆயினும் இந்த வேறுபாட்டில் ஒரு நன்மையைக் காண்கிறேன். செபீடுகளின் பிழை தூசியிலா, நெரிசலிலா, உலோகச் செறிவிலா, துடிப்பின் கோட்பாட்டிலா என்று தேடுவோர் நான்கு திசைகளிலும் அலைய வேண்டியிருக்கிறது. விளிம்பின் பிழையோ ஏறக்குறைய ஓரிடத்திலேயே, அதாவது அதன் இயல்பான பிரகாசத்தைக் குறிக்கும் பூஜ்ய நிலையில், ஒதுங்கி நிற்கிறது. எங்கே தேடுவது என்று தெரிந்த பிழை பாதி தீர்ந்த பிழை.

இதைத் தீர்க்கும் வழியும் முதியவற்றினுள்ளேயே இருக்கிறது. நீள்வட்ட மண்டலத்தின் படத்தில் தனி நட்சத்திரங்கள் பிரியாவிட்டாலும், அவற்றின் எண்ணிக்கை இடத்துக்கிடம் சிறிது வேறுபடுவதால் ஒளிப்பரப்பில் தோன்றும் நுண்ணிய ஏற்ற இறக்கம் அருகிலுள்ள மண்டலத்தில் மிகுந்தும் தொலைவில் குறைந்தும் காணப்படும் என்பதை 1988-ல் டோன்ரியும் ஷ்னைடரும் காட்டினார்கள். அம்முறையை நிலைநிறுத்தச் செபீடுகளே நெடுங்காலம் துணையாயிருந்தன. அண்மையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் செம்பெரு விளிம்பைக் கண்டு, அதையே அடிப்படையாக வைத்து ஜென்சன் முதலியோர் 2025-ல் 73.8 என்னும் மதிப்பைப் பெற்றார்கள். செபீடும் சூப்பர்நோவாவும் இன்றி, முதிய நட்சத்திரங்களை மட்டுமே பற்றிச் சென்ற பாதை இது. அதன் முடிவு ஃப்ரீட்மன் கண்டதைவிட ரீஸ் கண்டதற்கே அருகில் நிற்பது கருதத்தக்கது. ஆயினும் பிழையெல்லை இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்டிருப்பதால் இதையே தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை.

அந்தப் பாதையின் அடிவாரத்தை வலுப்படுத்துவதே இப்போது செய்ய வேண்டிய பணி. கையா 2022-ல் வெளியிட்ட மூன்றாவது தொகுதியில் 2,70,000-க்கு மேற்பட்ட ஆர்.ஆர். லைரே நட்சத்திரங்கள் இடம்பெற்றன. 1986-ல் லாங்மோர் முதலியோர் காட்டியவாறு அகச்சிவப்பில் இவற்றுக்கும் கால அளவைச் சார்ந்த பிரகாச ஒழுங்கு உண்டாகையால், இடமாறு தோற்றம் திருந்தத் திருந்த இவை கூர்மையான அளவையாகும். ஒமேகா சென்டாரியில் மட்டும் இவ்வினத்தவை ஏறக்குறைய 200 உண்டு. அதன் செம்பெரு நட்சத்திரங்களும் ஏராளம். அதன் தூரம் இடமாறு தோற்றத்தால் ஐயமற நிறுவப்படுமாயின், ஆர்.ஆர். லைரேயையும் விளிம்பையும் ஒரே கொத்தில் ஒருங்கே நிலைநிறுத்தலாம். அக்கொத்தின் நட்சத்திரங்கள் ஒரே காலத்தில் பிறந்தவையல்ல, அது பால்வீதி விழுங்கிய ஒரு சிறு மண்டலத்தின் எஞ்சிய மையமாயிருக்கலாம் என்ற சிக்கல் உண்மைதான். ஆகவே ஒன்றோடு நில்லாமல் பல கொத்துகளையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும். கையாவின் நான்காவது தொகுதி 2026 டிசம்பரில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறார்கள்; விண்கலத்தின் நிலையான பிழை அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே, செம்பெரு விளிம்பின் பூஜ்ய நிலை 70-ஐச் சார்ந்தவர்கள் கூறுமிடத்தில் நிற்கிறதா, 73-ஐச் சார்ந்தவர்கள் கூறுமிடத்தில் நிற்கிறதா என்பது தெரியவரும்.